ஆடியில் பாதி வாடகை

ஆடியில் முகூர்த்தம் கிடையாது.
அதனால்தான் ஒத்தக்கடை மண்டபம் அவர்களுக்குக் கிடைத்தது,
ஏசி இல்லாமல், டீசல் தனி.
மேனேஜர் நீட்டிய ரசீதில்
மணமகன் என்ற இடத்தில் சிக்கந்தர் ‘சத்தம்’ என்று எழுதினான்,
மணமகள் என்ற இடத்தில் ‘உடம்பு’.
மேனேஜர் வாசித்துவிட்டு
அட்வான்ஸை இன்னொரு தடவை எண்ணினார்.

என்னைக் கூப்பிட்டது மைக் செட்டுக்கு.
நாலு பாக்ஸ், எட்டு சேனல் மிக்ஸர்.
காதுகுத்து, சடங்கு, வேட்பாளர் அறிமுகம்
எதற்கும் இதேதான்.
“நாடகமா தம்பி?”
“நாடகம்னும் சொல்லலாம்.”
“டான்ஸா?”
“அப்படியும் சொல்லலாம்.”
எதுவானாலும் மூவாயிரத்து ஐந்நூறு என்றேன்.
அதற்கு மட்டும் நேரான பதில் வந்தது:
“மூவாயிரம்.”

அவள் பெயர் முத்திருளாயி.
பகலில் மாட்டுத்தாவணி கூரியர் ஆபீஸில்
பார்சல் எடை போடுகிறவள்.
சட்டைப் பொத்தான் அளவு மைக் ஒன்றைப்
பிளாஸ்திரி போட்டுக் கணுக்காலில் ஒட்டினாள்,
இன்னொன்று தொண்டைக்குழியில்.
பாட்டு எப்போது என்று கேட்டேன்.
“முழுங்குறதுதான் பாட்டு.”
நான் வயர் சுற்றப் போய்விட்டேன்.

இருபத்து மூன்று பேர்.
ஒருவர் வேறு விசேஷத்துக்கு மொய்க் கவரோடு வந்தவர்,
கவரைச் சட்டைக்குள் திரும்பச் செருகி
உட்கார்ந்துவிட்டார்.

மேடையில் யாரும் ஏறவில்லை.
பந்திக் கூடத்தில்
மேஜைக்கு விரிக்கிற பேப்பர் ரோலின்
ஒரு முனையை மிதித்துக்கொண்டு உருட்டிவிட்டாள்.
அது ஓடிப்போய்
கைகழுவும் தொட்டியில் முட்டி நின்றது.
அதன்மேல் நடந்தாள்.
நாலு பாக்ஸிலும் நடந்தாள்.
சிக்கந்தர் தண்ணீர் ட்ரம்மின்மேல் கையை ஓங்கியபடி இருந்தான்,
அடிக்கவில்லை,
அரை மணி நேரம் அடிக்கவில்லை.

பிறகு அவள் பாக்ஸை நோக்கி வந்தாள்.
பாக்ஸுக்கு முன்னால் மைக்கைக் கொண்டுவந்தால் கூவும்.
இருபத்தொரு வருஷமாக
அந்தக் கூவலைக் கொல்வதுதான் என் தொழில்.
அதற்காக வாடிப்பட்டியில் ஒரு மாமனார் சட்டையைப் பிடித்தார்.
திருமங்கலத்தில் ஒரு வட்டச் செயலாளர்
பேச்சை நிறுத்தி
என் அம்மாவைப் பற்றி மைக்கிலேயே பேசினார்.

கூவியது.
கை தன்னால் போனது.
“விடுங்கண்ணே” என்றான் சிக்கந்தர்.
அன்றைக்கு நிகழ்ச்சியில் பேசப்பட்ட ஒரே வார்த்தை.
எழுதி வைத்திருந்த வசனமா, எனக்குச் சொன்னதா,
இன்றுவரை கேட்கவில்லை.

விட்டேன்.

டாக்டரிடம் காட்டுவதுபோல்
தொண்டையைப் பாக்ஸுக்குக் காட்டினாள், மெலிந்தது.
ஓரடி பின்னால் போனாள், தடித்தது.
குதிகாலைத் தூக்கினாள்,
இரண்டாகப் பிரிந்து
ஒன்று ஜன்னல் கண்ணாடியில்
ஒன்று என் கடைவாய்ப் பல்லில்.
முதுகைத் திருப்பினாள். இல்லை.
சத்தம் அவளை ஆட்டுகிறதா
அவள் சத்தத்தையா என்று
பார்த்துக்கொண்டே இருந்தவன்
என் இடது கையைப் பார்த்தேன்:
அவள் தோள் இறங்கும்போது ஃபேடரில் இறங்கி
மூச்சு வாங்கும்போது ஏறி
யாரையும் கேட்காமல்
அது பாட்டுக்கு.

மொய்க் கவர்க்காரர் காதைப் பொத்தினார்,
எழுந்து போகவில்லை.
வெளியே யானைமலை அடிவாரம்வரைக்கும்
நாய்கள் பதில் சொல்லின.
அதற்கப்புறம்தான் சிக்கந்தர் ட்ரம்மை
ஒரே ஒரு தடவை அடித்தான்.

முடிந்ததா என்று தெரியாமல் எல்லாரும் இருக்க
வாட்ச்மேன் வந்து டியூப் லைட்டைப் போட்டார்.
அவருக்குத்தான் முதலில் கைதட்டினார்கள்.

ஆவணி முதல் முகூர்த்தம், அதே மண்டபம்.
வாழ்த்திப் பேச வந்த மாப்பிள்ளைத் தோழன்
மைக்கோடு பாக்ஸுக்கு முன்னால் போய் நின்றான்.
என் விரல் ஃபேடர்மேல்தான் இருந்தது.
ஒரு நொடி.
இரண்டு.
பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.
குதிகால் நன்றாகப் பதிகிறது.